கார்க் கண்ணாடியில் என் வீட்டுக்காரர்

இன்று காரைக்குடி பழைய சாமான் கடையில், கார்க் கதவில் மாட்டும், பின்னால் வருவதைக் காட்டும் வட்டக் கண்ணாடி ஒன்றைப் பார்த்தேன். ஐம்பது வருடத்துப் பொறாமை அப்படியே திரும்பி வந்தது.

எழுபத்திரண்டில் என் வீட்டுக்காரர் ஒரு சின்னக் கார் வாங்கினார். அதன் கதவுகளில் அந்த மாதிரிக் கண்ணாடி கிடையாது. அதற்காக மூன்று தடவை மதுரைக்குப் போனார். வட்டமா, சதுரமா என்று கடை கடையாக ஏறி இறங்கினார்.

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் எனக்கென்று ஒரு சேலை அவராகத் தேடி எடுத்ததில்லை.

ஒருவழியாக வட்டக் கண்ணாடியை மாட்டிவிட்டு, என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். அவர் காருக்குப் பின்னால் போய் நின்றார்.

“மீனா, நான் தெரியுறேனா?”

வேர்த்த நெற்றி வரைக்கும் நன்றாகவே தெரிந்தது.

“தெரியலையே! இன்னும் கொஞ்சம் அங்குட்டுப் போங்க.”

போனார். மறுபடியும் “இன்னும் அங்குட்டு” என்றேன். சித்திரை வெயிலில் செருப்புகூட இல்லாமல் தெருமுனை வரை போய்க் கையை ஆட்டினார்.

“இப்பத்தான் தெரியுறீக!”

திரும்பி வந்தவர், “பாத்தியா, எம்புட்டுத் தூரம் காட்டுது!” என்று அந்தக் கண்ணாடியைத் துண்டால் துடைத்துத் தடவிக்கொடுத்தார்.

எனக்கு இன்னும் எரிந்தது.

அவர் முகநூல் பக்கம் வரமாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். உங்கள் வீட்டில் சக்களத்தி யார், காரா, கேமராவா?