கத்திரி இலையின் பச்சை

டெய்லரக்கா தன் முதல் இலையை மடித்து வரைந்தாள். காகிதத்தை நடுவில் மடித்து, பாதி இலையை மட்டும் போட்டு, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்து மறுபாதியை அப்படியே நகலெடுத்துவிட்டாள். வருஷக்கணக்காகத் துணியை மடித்துப் போட்டுச் சட்டை வெட்டிய கை அது. இலைக்கு மட்டும் தனி நியாயமா என்ன?

நூலக மாடியில் செடி ஓவியம் சொல்லிக்கொடுத்த டீச்சர் அவளைவிட வயதில் சின்னவள்; தாவரப் புத்தகங்களுக்குப் படம் போடுபவள். தாளை வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

“ரொம்ப நேர்த்தியா இருக்கு அக்கா. ஆனா இது கத்திரி இலை இல்ல. சட்டைக் காலர்.”

வகுப்பே சிரித்தது. டெய்லரக்காதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

“வீட்டுக்குப் போய்ச் செடியை நல்லாப் பாருங்க. ரெண்டு பக்கமும் காம்பை ஒரே எடத்துலயா தொடுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

தையல் மேசைக்குப் பக்கத்து ஜன்னலில்தான் செடி நின்றது. தினமும் தண்ணீர் ஊற்றியவள் அன்றுதான் அதைப் பார்த்தாள். இலையின் ஒரு பக்கம் மேலேயே நின்றுவிட, மறுபக்கம் ஒரு விரற்கடை கீழே இறங்கிக் காம்பைப் பிடித்திருந்தது. அவசரத்தில் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடுகிற பையனைப் போல. ஒரு இலை மட்டும் தவறியிருந்தால் பரவாயில்லை, செடி முழுக்க இதே கதை.

அதற்குப் பிறகு அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. பென்சில் வேலை முடிந்ததும் நிறம் வந்து வழிமறித்தது. டப்பாவிலிருந்த பச்சை எதுவும் கத்திரி இலைக்கு ஆகவில்லை. அது சாம்பல் பூத்த பச்சை. நரம்போரத்தில் ஊதா கசிந்திருக்கும். வெட்டி மிஞ்சிய வெள்ளைத் துணிகளிலெல்லாம் பச்சை பச்சையாகத் தடவிப் பார்த்தாள்.

பக்கத்துத் தெருவிலிருந்து தையல் கூலி கொடுக்காமல் தைத்துக்கொள்ள வரும் நாத்தனாருக்கு இது தாங்கவில்லை.

“கத்திரிக்காயை வரைஞ்சாலும் ஒரு அர்த்தம் இருக்கு அண்ணி. இலையை வரைஞ்சு என்ன பண்ணப்போறீங்க?”

“ஒண்ணும் பண்ணப்போறதில்ல. அதான் நல்லா இருக்கு. இதை யாரும் போட்டுப் பாத்துட்டு இடுப்பு பிடிக்குதுன்னு திருப்பிக் கொண்டு வரமாட்டாங்க.”

ஆரம்ப வகுப்பு முடிந்தது. அடுத்த வகுப்புக்கு ஜன்னலோர மேசை மட்டும்தான், எல்லாரும் உட்கார முடியாது. டீச்சர் வெளியூர் போவதால், முடித்த ஓவியம் ஒன்றைப் போட்டோ எடுத்து ஞாயிற்றுக்கிழமை இருட்டுவதற்குள் அனுப்பவேண்டும். அதைப் பார்த்துத்தான் ஆளைச் சேர்ப்பேன் என்று சொல்லிவிட்டாள். டெய்லரக்கா வேறெதற்கும் இவ்வளவு ஆசைப்பட்டு அவள் புருஷன் பார்த்ததில்லை.

பள்ளி வேன் ஓட்டுகிற அவருக்குப் போட்டோ என்றால் கை துறுதுறுக்கும். “நீ வரைஞ்ச, நான் எடுக்கிறேன். கவலைய விடு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எடுத்த முதல் படத்தில் அவர் தலையின் நிழல் இலைமேல் விழுந்தது. விளக்கைப் போட்டு எடுத்ததில் தாள் மஞ்சளாகிக் காமாலை கண்டது. நாற்காலியில் ஏறி எடுத்ததில் தாளே ஒரு பக்கம் குறுகி முறம் மாதிரி வந்தது. டெய்லரக்கா வாசலில் வந்த வாடிக்கையாளரோடு பேசிவிட்டுத் திரும்பியபோது, அவர் ஒரு வழியாக முடித்து அனுப்பியும் விட்டிருந்தார்.

“காட்டுங்க.”

காட்டினார். இலை கிளிப்பச்சையாக ஜொலித்தது.

“கொஞ்சம் டல்லா இருந்துச்சும்மா. போன்லயே பளிச்சுன்னு ஆக்கிட்டேன்.”

“மூணு வாரமா கலந்த பச்சைங்க அது!”

அவர் வாயைத் திறக்குமுன் டீச்சரின் பதில் வந்து விழுந்தது. ‘அக்கா, இந்த நிறம் நீங்க கலந்ததா? அப்படின்னா இன்னொரு முறை ஆரம்ப வகுப்பிலேயே உட்காரலாம்.’

“போனை நம்பினது என் தப்பு” என்றார் அவர்.

“போன் என்ன பண்ணுச்சு பாவம்” என்றாள் சட்டை தைக்கக் கொடுக்க வந்திருந்த நாத்தனார், வந்த வேலையை மறந்து.

வெளியே வெயில் தணிந்துகொண்டிருந்தது. திட்டுவதற்கு நேரமில்லை. டெய்லரக்கா ஓவியத்தை வெட்டுப் பலகையில் குண்டூசி குத்தி நிறுத்தி, ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்தாள். மறுபக்கம் இருட்டடித்தது. ஒரு வெள்ளை லைனிங் துணியை உதறி, “ஆளுக்கொரு முனையா பிடிங்க, தொங்கவிடக் கூடாது” என்றாள். அண்ணனும் தங்கையும் துணியை விறைப்பாகப் பிடிக்க, ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு இருட்டுப் பக்கத்துக்குத் திரும்பியது. தாள் வெள்ளையாயிற்று. கழுத்திலிருந்த டேப்பை எடுத்து, தாளின் நாலு மூலையிலிருந்தும் போன் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று அளந்தாள். முறம் மறுபடி தாளாயிற்று.

“கை வலிக்குது அண்ணி.”

“நாலு சட்டை சும்மா தைச்சுத் தந்திருக்கேன். பிடி.”

ஆனாலும் போன் பச்சையை எப்படிக் காட்டுமோ யார் கண்டது? ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, கத்தரிக்கோலை எடுத்துச் செடியிடம் போனாள். இத்தனை நாள் பார்த்து வரைந்த அதே இலையை வெட்ட மனசு வரவில்லை. ஆனாலும் வெட்டி, படத்துக்குப் பக்கத்தில் குத்தினாள். போன் பொய் சொன்னால் இரண்டுக்கும் சேர்த்தே சொல்லட்டும்!

எடுத்தாள். எதையும் பளிச்சென்று ஆக்காமல் அனுப்பினாள். அண்ணனும் தங்கையும் துணியைக்கூடக் கீழே போடாமல் நிற்க, மூவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

‘எது இலை, எது படம்னு குழம்புற அளவுக்கு இல்ல. காம்பு பிசிறடிக்குது. ஆனா பச்சை பச்சைதான். செவ்வாய்க்கிழமை வாங்க. பூவைத் தொடங்கலாம்.’

“பாஸா, ஃபெயிலா?” என்றார் அவர்.

“பாஸ்தான். முதல்ல துணியைக் கீழ வைங்க, கசங்குது.”

செவ்வாய்வரை பொறுக்க அவளுக்கு ஏது பொறுமை? மறுநாள் காலையிலேயே ஆரம்பித்தாள். கத்திரிப் பூவோ தலை கவிழ்ந்து தொங்குகிற ஜாதி. நின்று பார்த்தால் முதுகைத்தான் காட்டும். தொட்டியை மேசை விளிம்பில் வைத்து, கீழே பாயை விரித்து மல்லாந்து படுத்து, பென்சிலை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துக் கையில் பிள்ளையின் பள்ளிச் சீருடையோடு ஒரு அம்மா வந்து நின்றாள்.

“டெய்லரக்கா இல்லைங்களா?”

“இருக்காங்க, இருக்காங்க” என்றார் அவர், வேன் சாவியைத் தேடியபடி. “கொஞ்சம் குனிஞ்சு பேசுங்க.”