சீமை முயலுக்கு நகம் வெட்டுன வெள்ளிக்கிழமை

குண்டண்ணே, நீ மவுத்தாகி, எங்களை விட்டுப் போயி நாலு மாசம் ஆச்சு. நீ வளர்த்த கினி பன்னி ரெண்டும் நல்லாத்தான் இருக்குதுக. கொத்தமல்லிக் கட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டா போதும், தெருவுக்கே கேக்குற மாதிரி கீச்சு கீச்சுனு கத்துதுக.

படிக்கிறவங்களுக்குச் சொல்லிர்றேன். எங்கண்ணன் திண்டுக்கல்ல பரோட்டா மாஸ்டர். கடையில மாவைப் போட்டு அந்த அடி அடிப்பான். வீட்டுக்கு வந்தா அதுகளை மடியில வச்சு சீப்பால முடி சீவி விடுவான்.

வாங்கிட்டு வந்த அன்னைக்கு அம்மா கேட்டுச்சு, "என்னடா இது, வாலையும் காணோம், காதையும் காணோம்?"

"சீமை முயலும்மா. இந்தச் சாதிக்கு இம்புட்டுதான் காது."

அம்மா நம்பிருச்சு. நாங்க முஸ்லிம் வீடு, பன்னிங்குற வார்த்தையே வாசப்படி தாண்டி வரக்கூடாது.

கெடுத்தது நான்தான். ஒருநாள் அண்ணன் வெதுவெதுன்னு தண்ணி வச்சு, ஒண்ணோட பின்பக்கம் ஒட்டியிருந்த பிழுக்கையைக் கழுவிட்டு இருந்தான். முழுசா குளிப்பாட்டுனா சளி புடிச்சுக்குமாம். நான் அடுப்படியில இருந்து, "ஏண்ணே, பன்னிக்குத் துவட்டிட்டியா?"ன்னு கேட்டுட்டேன். அவன் துவட்டிக்கிட்டு இருந்தது அம்மாவோட தொழுகைத் துப்பட்டியில.

அன்னைக்கு அம்மா எத்தனை வாளி தண்ணி ஊத்திக் கழுவுச்சுன்னு எனக்கே தெரியாது. அண்ணன் போனைத் தூக்கிட்டுப் பள்ளிவாசலுக்கு ஓடுனான். அங்க தொழுக வைக்கிற ஹஜ்ரத்து, போன்ல இருந்த போட்டோவைப் பார்த்துச் செத்த நேரம் சிரிச்சாராம். "இது எலி வகையப்பா. பேரு வச்சவன் மேல கோவிச்சுக்கச் சொல்லு உங்கம்மாவை."

அம்மா இறங்கி வந்துச்சு. துப்பட்டியை மட்டும் திருப்பி வாங்கிக்கல.

மாசத்துல ஒரு வெள்ளி, ஜும்மாவுக்கு முன்னாடி தன் நகத்தை வெட்டுறப்பவே அதுகளுக்கும் வெட்டுவான். போன் டார்ச்சை அடியில புடிச்சா நகத்துக்குள்ள ரத்த நரம்பு தெரியும். அதைத் தொடாம நுனியை மட்டும் எடுப்பான். தப்பி ரத்தம் வந்தா மைதாவை வச்சு அமுக்குவான். "எல்லாத்துக்கும் மைதாதானா?"ன்னா, "மாஸ்டருடி"ம்பான்.

பைக்குல கடைக்குப் போனவன் திரும்பி வரல. அப்புறம் யாரும் நகம் வெட்டல. வளைஞ்சு போயி ஒண்ணு நொண்ட ஆரம்பிச்சுச்சு. "நம்மளால பாக்க முடியாது, தாடிக்கொம்புல ஒரு வீட்ல கேக்குறாங்க, குடுத்துருவோம்"னாரு அத்தா, எங்கப்பா. அவன் தொட்டு வளர்த்ததுன்னு உசுரோட இருக்கறது அதுக ரெண்டுதான்.

போன வெள்ளி நானே நகவெட்டியை எடுத்தேன். காலைப் புடிச்சா அது துள்ளுது. அம்மா வந்து உக்காந்து, அதைத் துண்டுல சுத்தி மடியில வச்சுக்கிச்சு.

"வெட்டு. நரம்புல பட்டுச்சு, உன் வெரல் இருக்காது."

ஒண்ணுக்குப் பதினாலு நகம். முடியிறப்ப அது அம்மா மடியிலயே ஒண்ணுக்கு இருந்துச்சு. அம்மா ஒண்ணும் வையல. எந்திரிச்சு அத்தாகிட்டப் போயி, "அதுக இங்கதான் இருக்கும்"னு மட்டும் சொல்லுச்சு. அப்புறம் உள்ள போயி அழுதுச்சு. நானுந்தான்.

எங்கண்ணனுக்காக எல்லாரும் துஆ செய்யுங்க. எந்தச் சாமியக் கும்பிடுறவங்களா இருந்தாலும் சரி. அவன் கபுருக்குழி விசாலமா இருக்கணும்னு கேளுங்க. கையையும் காலையும் விரிச்சுப் போட்டுத்தான் அவனுக்குத் தூக்கமே வரும்.