நட்சத்திரச் சட்டைக்காரர் எட்டுப் பேர்

குளிர்காலக் கையுறை தேடி அலுமாரியைக் கிளறிய மகள், சிவப்பு நூலால் தைத்த பழைய பந்தொன்றைக் கொண்டுவந்து, யாருடையது என்று டேனிஷில் கேட்டாள். மூக்கருகே பிடித்தேன். தோல் மணம். சட்டென்று மேசையில் வைத்துவிட்டேன். அறுபது தாண்டிய மனிசனுக்குப் பந்தைக் கண்டு பயமா என்று நீங்கள் சிரிக்கலாம். சிரியுங்கள்.

டென்மார்க்கில் பிராண்டே என்ற ஊரில் நான் வேலைக்குச் சேர்ந்த தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் ஹென்னிங்குக்கு அமெரிக்கப் பைத்தியம். பேஸ்போல் அணியொன்று தொடங்கி, அந்தக்கால அமெரிக்க எல்லைப்புறக் காவலர்களின் பெயரால் ‘மார்ஷல்ஸ்’ என்றார். சட்டையின் நெஞ்சில் அவர்களுடைய தகர நட்சத்திரம். ஒன்பது பேர் வேண்டும். எட்டுப் பேர்தான் அகப்பட்டார்கள். என்னோடு அறையிலிருந்த செல்வண்ணை சும்மா இருந்தாரா? “இவன் பள்ளிக்கூடத்திலை எல்லே விளையாடினவன்” என்று போட்டுக்கொடுத்துவிட்டார். இலங்கையின் எல்லேயும் கட்டையால் பந்தை அடித்துவிட்டு ஓடுகிற விளையாட்டுத்தானே.

சட்டையைத் தந்த அன்று ஹென்னிங் மார்ஷல்களின் பெருமையைச் சொன்னார். செல்வண்ணை மொழிபெயர்த்தார். “தப்பி ஓடினவன் எங்கை ஒளிச்சாலும் விடமாட்டினமாம். துரத்திப் பிடிச்சுக் கொண்டு வருவினமாம்.” எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சட்டை போட்டவர்களில் தப்பி ஓடி வந்தவன் நான் ஒருவன்தான். விசா நீட்டிப்புக்கு எழுதிப்போட்டுப் பதில் வராத மாதம் அது. தபால்காரனின் சைக்கிளைக் கண்டாலே நெஞ்சு அடித்துக்கொள்ளும்.

முதல் ஆட்டம் ஹோர்சன்ஸ் ஊர்க்காரரோடு. நெட்டையன் ஒருவன் அடித்துவிட்டு ஓடினான். பந்து என் கைக்கு வந்தது. எல்லேயில் ஓடுகிறவன் உடம்பில் ரென்னிஸ் பந்தால் எறிந்தால் அவன் அவுட். பேஸ்போலில் அப்படி எறியக்கூடாது. கை பழகிய வேலையைச் செய்தது. ஐயோ, அது ரென்னிஸ் பந்தா என்ன! கல்லுப்போலப் பந்து காதடியில் பட, அவன் குப்புற விழுந்தான். இரத்தம்.

செல்வண்ணை ஓடிவந்தார். “என்னடா செய்துபோட்டாய்? அவன் பொலிஸ்காரனடா!”

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. விசா போச்சு, பிளேன் ஏற்றப்போகிறார்கள் என்று பையைக் கட்டிக் கட்டிலடியில் வைத்தேன். நாலாம் நாள் பின்னேரம் வாசல் மணி அடித்தது. திறந்தால், காதில் கட்டுடன், சீருடையில் அவனே நிற்கிறான். நான் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினேன், விலங்கு போடட்டுமென்று. அவன் என் கைகளைப் பார்த்தான். முகம் சிவந்துபோயிற்று. கோட்டுப் பையிலிருந்து அந்தப் பந்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, ஏதோ சொன்னான்.

“ஞாயித்துக்கிழமை கட்டாயம் வரட்டாம்,” என்றார் எனக்குப் பின்னால் வந்து நின்ற செல்வண்ணை. “உங்கடை விளையாட்டைக் காட்டட்டாம். வேறை ஒண்டுமில்லையடா.”

“ஓம், வாறன் எண்டு சொல்லுங்கோ.”

போகவில்லை. ‘வேறொன்றுமில்லை, சும்மா வந்துவிட்டுப் போ’ என்று ஊரில் சீருடைக்காரர் கூப்பிட்டுப் போன என் அண்ணன் இன்றுவரை வீடு திரும்பவில்லை. ஞாயிறன்று வேலி மரங்களுக்குப் பின்னால் சைக்கிளோடு நின்று பார்த்தேன். எட்டு நட்சத்திரச் சட்டைகள் என் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றன. கட்டுப்போட்டவனும் பார்த்தான். எட்டுப் பேரோடு ஆட முடியாதாம். வெகுநேரம் நின்றுவிட்டுக் கலைந்தார்கள். அதற்குப் பிறகு அந்த அணி கூடவேயில்லை.

விசா அடுத்த வாரமே வந்துவிட்டது. அவன் யாரிடமும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை முறையிடவில்லை. ஹென்னிங் இப்போது இல்லை, செல்வண்ணையும் இல்லை. மைதானத்தில் காற்றாலை இறக்கைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள்.

“யாருடையது அப்பா?” என்று மகள் மறுபடியும் கேட்டாள்.

“ஒரு பொலிஸ்காரன்ரை, பிள்ளை,” என்றேன். அவன் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை.