மூடி போட்ட நட்டு

என் சகலையோடு நான் பேசுவதில்லை. மாமனார் சாகும்போது ஒரு லோடு வண்டியை விட்டுப் போனார். பெண்கள் இரண்டு, வண்டி ஒன்று. விற்கவும் மனசில்லை, விட்டுக்கொடுக்கவும் மனசில்லை. காலையில் அவன் ஓட்டுவான். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பத்தில் மீன் ஏற்றி, கேளம்பாக்கம் வரைக்கும் கடை கடையாக இறக்குவான். மதியம் நான் எடுத்துச் செங்கல்பட்டுப் பக்கம் சிமெண்டு, கம்பி லோடு அடிப்பேன். சாவியை டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போவான். முகம் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் அது வசதி.

ஆயுத பூஜைக்கு அவன் நாலு சக்கரத்துக்கும் பளபளவென்று குரோம் நட்டு மாட்டினான். கார் சாமான் விற்கிற கடையில் வாங்கியது. தலை மூடின நட்டு. பழைய நட்டெல்லாம் துரு ஏறி அசிங்கமாகத்தான் இருந்தது. உப்புக் காற்று, மீன் தண்ணீர், வேறு எப்படி இருக்கும். ஆனால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பூஜை முடிந்து சில நாளில், மெதுவாகப் போகும்போது பின்பக்கம் டொக் டொக் என்றது. இறங்கிப் பார்த்தேன். நட்டைச் சுற்றிச் சிவப்பாகத் துருப்பொடி. வீல் ஸ்பேனரைப் போட்டு, இன்னும் முடுக்க ஏறி மிதித்தேன். நட்டு அசையவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரைப் பிடித்து ஆட்டினேன். சக்கரம் ஆடியது.

ஒரு நட்டைக் கழற்றி உள்ளே பார்த்தேன். மூடியின் உட்பக்கம் போல்ட் நுனி குத்திய தழும்பு. அப்போது புரிந்தது. அது காரின் அலாய் வீலுக்கான நட்டு. அலாய் வீல் தடிமன். எங்களுடையது இரும்பு டிஸ்க், தோசைக்கல் கனம்தான். போல்ட் மிச்சமாக நீட்டிக்கொண்டு மூடியில் போய் முட்டிவிடுகிறது. ஸ்பேனருக்கு டைட். சக்கரத்துக்கு லூஸ்.

அன்றைக்கே செங்கல்பட்டில் கோன் நட்டு வாங்கினேன். தலை திறந்தது. அடி கூம்பாகச் சரிந்து டிஸ்க் ஓட்டையில் போய் உட்காரும். நாலு சக்கரத்துக்கும் மாட்டிவிட்டு, அவனுடையதைப் பையில் கட்டி சீட்டுக்கு அடியில் வைத்தேன். வீட்டுக்கு எடுத்துப் போனால் திருடன் என்று ஊர் முழுக்கச் சொல்லுவான்.

மறுநாள் சாவி வாங்கிப் பார்த்தால் குரோம் நட்டு. கோன் நட்டு பையில்.

வேறு வழியில்லாமல் போன் அடித்தேன்.

"அந்த நட்டு வாணாம். சக்கரம் ஆடுது."

"இன்னா அண்ணாத்த, ஊரே சூப்பரா கீதுன்னுது. உன் கண்ணுக்கு மட்டும் ஆடுதா?"

"ஜாக்கி வெச்சி ஆட்டிப் பாரு."

"ஏறி மிதிச்சிட்டேன், கல்லு மாதிரி கீது. வண்டிக்கு நீ ஒரு ஸ்டிக்கராவது வாங்கி ஒட்டிக்கீறியா? வயித்தெரிச்சல் புடிச்சவன்."

வைத்துவிட்டான்.

நான் கழற்றினேன். அவன் மாட்டினான். மறுபடி கழற்றினேன். மறுபடி மாட்டினான். அவன் எப்படிப் போனால் எனக்கென்ன என்று விட்டிருப்பேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவது என் மனைவியின் தங்கச்சி. அவளுக்கும் போன் போட்டேன்.

"வண்டி மெதுவா போறப்ப சத்தம் வந்தா எறங்கிடு."

"இன்னா மாமா, பயமுறுத்துற?"

"எறங்கிடு."

அடுத்த நாள் காலை நெம்மேலியிலிருந்து அவளே கூப்பிட்டாள். "எறங்கிட்டேன் மாமா. அவரு கத்திகினு கீறாரு. ஐஸு உருகுது, வா."

பஸ் பிடித்துப் போனேன். அவன் கதவில் சாய்ந்து நின்றான்.

"வந்துட்டாருடா வீல் டாக்டரு."

பின் சக்கரத்தைத் தூக்கி, அவளை ஆட்டச் சொன்னேன். ஆட்டினாள். சத்தம் அவனுக்கும் கேட்டது. ஸ்பேனரைப் பிடுங்கி நட்டில் மாட்டி, மேலே ஏறிக் குதித்தான்.

"டைட்டா கீது பாரு! இதுக்கு மேல இன்னா டைட்டு!"

போல்ட் முறிந்தது. அவன் ரோட்டில் உட்கார்ந்தான். நட்டு போல்ட் துண்டோடு உருண்டு போனது. அவள் போய் எடுத்து வந்து அவன் கையில் வைத்தாள்.

"வெச்சிக்கோ. அடுத்த பூஜைக்கு ஆவும்."

மிச்ச எல்லாவற்றிலும் கோன் நட்டைப் போட்டு, எதிர் எதிராக முடுக்கினேன். ஒரு போல்ட் குறைகிறது, மெதுவாகப் போகட்டும் என்று அவளிடம்தான் சொன்னேன். அவனிடம் சொல்லவில்லை. அவள் மறுபடி ஒவ்வொரு சக்கரமாக ஆட்டினாள். ஆடவில்லை. அதற்கப்புறம்தான் ஏறினாள்.

மறுநாள் பார்த்தால், முறிந்த போல்ட்டை அவனே மாற்றியிருந்தான். கோன் நட்டு அப்படியே இருந்தது. ஆனால் ஒவ்வொரு நட்டின் மேலிருந்தும் டிஸ்க் வரைக்கும் சாக்பீஸில் ஒரு கோடு. டீக்கடைக்காரர் சிரித்தார்.

"நீ எதுனா லூஸ் பண்ணி வுட்டுடுவியாம். கோடு நவுந்தா தெரிஞ்சிடுமாம்."

என்னைச் சந்தேகப்பட்டுத்தான் போட்டிருக்கிறான். போடட்டும். நட்டு தானாக நகர்ந்தாலும் அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். இப்போது சாவி வாங்கினதும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஒரு மழைக்குக் கோடெல்லாம் அழிந்துபோனது. நானே சாக்பீஸ் வாங்கிப் போட்டு வைத்தேன். மறுநாள் பார்த்தேன். என் கோட்டைத் துணியால் துடைத்துவிட்டு, அதே இடத்தில் அவன் கோட்டைப் போட்டிருந்தான்.