தோணிக் கயிற்றால் கட்டிய ஸ்பிரிங்

முற்றத்தில் மீன் வாடை அடித்தது. என் கணவர் தோணிக் கயிற்றைக் கொண்டுவந்து, தான் திருத்தும் பழைய காரிலிருந்து கழற்றிய முன்சக்கர ஸ்பிரிங்கில் சுற்றிக்கொண்டிருந்தார். அமுக்கிக் கட்டி உள்ளே ஏற்றப் போகிறாராம். பக்கத்தில் மகன் மண்ணில் விளையாடினான்.

நான் சிறுமியாக இருந்தபோது, கற்பிட்டியில் வாப்பாவும் இப்படித்தான் கட்டினார்.

"கராஜில ஸ்பிரிங் அமுக்குற சாமான் இரிக்கிதானே, வாங்கி வாங்களே," என்றார் உம்மா.

"வலையையே இழுக்கிற கயிறு இது. ஒனக்கென்ன தெரியும்? அடுப்பப் பாரு!"

நைலோன் கயிறு இழுபட்டு நீளும் என்பதை அவர் நினைக்கவில்லை. ஸ்பிரிங் நழுவிப் பாய்ந்து அவருடைய தாடையை உடைத்தது. தாடை ஆறி மறுபடி பேச முடிந்ததும் அவர் முதலில் சொன்னது, "நீ குறுக்க கதைச்சதாலதான்." அந்தப் பழி உம்மாவோடு இன்றும் இருக்கிறது.

அதனால் இப்போது வாய் திறக்கத் தயங்கினேன். கதைத்தால் இவருக்கும் கை தவறுமோ? கதைக்காவிட்டால்?

"அதுக்குரிய சாமான கொண்டு வாங்களே," என்றேன்.

"பொம்புளைக்கு இதில என்ன கதை? உள்ள போ."

ஸ்பிரிங்கை அவர் இன்னும் அமுக்கத் தொடங்கவில்லை. கத்தியை எடுத்துவந்து கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டினேன்.

"பைத்தியமா ஒனக்கு? நல்ல கயிறு!"

"ஏசுறண்டா ஏசுங்க. கட்ட மட்டும் விடமாட்டன்."

மகனைத் தூக்கிக்கொண்டேன். அவர் ஏசத் தொடங்கினார். ஸ்பிரிங் மண்ணில் சும்மா கிடந்தது.