பெரிய எஸ், சின்ன எஸ்

நாங்கள் வடக்கனந்தலில் விவசாயம் பார்ப்பவர்கள். என் கணவர் சக்திவேலுக்குப் பென்சிலின் ஊசி ஆகாது. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில்தான் இது தெரியவந்தது. அவர் பெயரோடு ஊர்ப் பெயரையும் சேர்த்து லாகின் பெயர் கொடுத்து, கம்ப்யூட்டரில் இதைப் பதிந்து வைத்தார்கள்.

போன மழைக்காலத்தில் கரும்பு வெட்டும்போது அவருக்கு அரிவாள் பட்ட காயம் சீழ் பிடித்தது. காய்ச்சலோடு அங்கேயே போனோம். வரவேற்பில் இருந்த பெண் லாகின் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “வர மாட்டேங்குதுங்க, புதுசா போட்டுடறேன்” என்றார்.

டாக்டர் திரையைப் பார்த்தபடியே, “எந்த மருந்தாவது ஒத்துக்காதாம்மா?” என்று கேட்டார்.

“எல்லாம் அதுலயே இருக்குதுங்க சார்” என்றேன். புதுக் கணக்கில் ஒன்றுமே இல்லை என்பது எனக்குத் தெரியாது.

பென்சிலின் ஊசி போட்ட சற்று நேரத்தில் என் கணவரின் உதடு வீங்கியது. “மூச்சு வுட முடியல, புள்ள” என்று என் கையைப் பிடித்தவர் அப்படியே சரிந்தார். நின்றுபோன இதயத்தைத் திரும்பத் துடிக்க வைத்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் இன்றும் சில நாட்களில் எங்கள் மகளின் பெயர் அவருக்கு நினைவு வருவதில்லை.

பழைய கணக்கில் லாகின் பெயரின் முதல் ஆங்கில எழுத்து பெரிய எஸ். அன்று தட்டியது சின்ன எஸ். அதனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு அவர் வேறு ஆளாம்.

இப்போது எங்கே போனாலும், யாரும் கேட்கும் முன்பே பென்சிலின் ஆகாது என்று நானே சொல்லிவிடுகிறேன். ஊசியை எடுக்கும் நர்ஸிடமும் மறுபடி சொல்கிறேன். “எத்தினி வாட்டிம்மா சொல்லுவீங்க?” என்று சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும்.

- ஒரு வாசகி, வடக்கனந்தல்