சச்சிதானந்தன் இங்கிலாந்தைப் பார்க்கப் போன கதை

சுவிசின் ஊஸ்டரில் இருக்கும் சச்சிதானந்தனுக்கு ஒரு விசித்திரமான பைத்தியம் உண்டு. இங்கிலாந்துக் கிராமங்களில் உள்ள பழைய தேவாலயங்களைப் பார்க்க வேண்டும். ஆள் சைவ சமயத்தவன், வெள்ளிக்கிழமையில் மச்ச மாமிசம் தொடமாட்டான். ஆசை முழுக்கக் கட்டடத்தில்தான். அகதி முகாமில் முடிவுக்காகக் காத்துக் கிடந்த காலத்தில், யாரோ கொடுத்த புத்தகப் பெட்டிக்குள் ஆங்கிலத்தில் இருந்தது அந்தத் தேவாலயங்களைப் பற்றிய படப் புத்தகம் மட்டும்தான். இந்த நாட்டு டொச் மொழி ஒரு சொல்லும் விளங்காத அந்த நாட்களில் அதையே திரும்பத் திரும்பப் படித்தான். குட்டையான கற்கோபுரம், மழைக்கு ஒதுங்க வாசலில் ஒரு சின்ன முகப்பு, கதவைத் தாண்டியதும் ஞானஸ்நானத் தொட்டி, அண்ணாந்தால் தோணியைக் கவிழ்த்து வைத்தது போன்ற மரக்கூரை. அந்தக் கூரையில்தான் மனுசனின் மனம் விழுந்தது.

லண்டன் எட்டிப் பிடிக்கும் தூரம்தானே, போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று கேட்பீர்கள். அவன் கையில் இருப்பது தற்காலிக அனுமதிக்கான எஃப் அட்டை. சுவிசில் இருக்கலாம், வேலை செய்யலாம், வரி கட்டலாம். எல்லை தாண்ட முடியாது. பிள்ளைகள் இங்கேயே பிறந்து பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டார்கள். நிரந்தர அட்டைக்கு ஒவ்வொரு முறை விண்ணப்பிக்கும்போதும் ஏதோ ஒன்று காணாது என்று பதில் வரும்.

சரி, நாட்டுக்குள்ளாவது காலாற நடக்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் அவனுடையதில்லை. வயோதிபர் இல்லத்துச் சமையலறையில் வாரம் முழுக்க வேலை. ஞாயிறானால் ஓர்லிகோனில் பிறந்தநாள், சோலோதுர்னில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு. ஒன்றுக்குப் போகாவிட்டால் மனைவி ஜெயமலரின் ஆட்கள் வருசக்கணக்கில் முகம் கொடுக்கமாட்டார்கள். சோறு போட்டுச் சிறை வைக்கிற கூட்டம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் போய் வந்தான்.

அப்படி இருக்கையில்தான் கைத்தொலைபேசியில் ஒரு படம் கண்ணில் பட்டது. அந்தக் காலத்தில் மலையேற வந்த ஆங்கிலேயர்கள் சுவிஸ் மலைக் கிராமங்களில் தங்கள் ஊர்ப் பாணியிலேயே தேவாலயம் கட்டி வைத்திருக்கிறார்கள்! அதே முகப்பு, அதே மரக்கூரை. எல்லை தாண்டத் தேவையில்லை, ரயில் ஏறினால் போதும். அன்றிரவு அவனுக்கு நித்திரை வரவில்லை.

ஜெயமலரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் தமையன் குகதாசனுக்குச் சொல்வாள். குகதாசன் வான் பிடிப்பான். பத்துப் பதினைந்து பேர் புட்டுப் பார்சலோடு வந்து வாசலில் நின்று படம் எடுத்துவிட்டு, பிள்ளைகளுக்குக் குளிருது என்று திரும்பிவிடுவார்கள். ஒரே ஒரு தடவை, தனியாக நின்று, ஆற அமர அந்தக் கூரையைப் பார்க்க வேண்டும். "ஞாயிறு எனக்கு டீன்ஸ்ட்," என்று வேலைமுறை இருப்பதாகப் பொய் சொன்னான். அவள் பிள்ளைகளோடு ஓர்லிகோன் பிறந்தநாளுக்குப் போனாள், அவன் மலைக்கு ரயில் ஏறினான்.

மலைக் கிராமத்தில் தேவாலயம் பூட்டிக் கிடந்தது. திறப்பு எதிர் ஹோட்டலில் என்று கதவில் எழுதியிருந்தது. போய்க் கேட்டான். வரவேற்பில் இருந்த பெண் சமையலறைக்கு அழைப்பெடுத்தாள். கையைத் துடைத்தபடி திறப்போடு வந்தவர் தமிழராகத் தெரிந்ததும் சச்சிதானந்தன் பார்வையை வாசல் பக்கம் திருப்பினான்.

"தமிழோ?" என்றார் அவர், முகமெல்லாம் பல்லாக. பெயர் யோகராஜா. "ஊரிலை எவடம்?"

ஆயிரம் பொய் சொல்லலாம், ஊரைப் பொய் சொல்ல யாழ்ப்பாணத்தானுக்கு நா வராது. கரவெட்டி என்றான்.

"கலியாணம் முடிச்சது?"

"புங்குடுதீவு."

"எங்கட ஊரோ! புங்குடுதீவிலை ஆரின்ரை ஆக்கள்?"

அதற்கும் உண்மையைச் சொல்லித் தொலைத்தான்.

"அட, குகதாசன்ரை தங்கச்சி மலரின்ரை மனுசனோ! தம்பி, சாப்பிடாமல் உங்களை விடமாட்டன்."

திறப்பு யோகராஜாவின் சட்டைப் பைக்குள் போனது. மாதக்கணக்காகத் தமிழ் கதைக்க ஆளில்லாமல் கிடந்த மனுசன். நிலக்கீழ் அறையில் சோறும் மீன்குழம்பும் போட்டார், ஊர்க்கதை முழுவதும் கதைத்தார். ரயிலுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. சச்சிதானந்தன் பொறியில் அகப்பட்ட எலியாக இருந்து சாப்பிட்டான்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. அவன் உள்ளே கால் வைக்க, பின்னாலிருந்து யோகராஜாவின் குரல் கேட்டது. "குகன், இஞ்சை ஆர் நிக்கிறது பார்!"

அவர் நீட்டிய கைத்தொலைபேசி வீடியோவில் பிறந்தநாள் மண்டபம், பலூன், மைத்துனனின் வாய் பிளந்த முகம். தடுக்க நேரமிருக்கவில்லை. தொலைபேசி அங்கே கைமாறியது. ஜெயமலர் மண்டபத்துக்கு வெளியே வந்து நின்றாள்.

"டீன்ஸ்ட் முடிஞ்சுதோ?"

"இது... இங்கிலிஸ் சேர்ச், மலர். பழசு. பாக்க வேணுமெண்டு கனநாள் ஆசை."

"தெரியும். அந்தப் படங்களைப் பாத்துக்கொண்டு இருக்கிறதை நான் காணேல்லையெண்டு நினைச்சியளோ?" அவள் மண்டபக் கதவை இழுத்துச் சாத்தினாள். "பொய் சொன்னது போகட்டும். நீங்கள் மட்டும்தான் அடைபட்டுக் கிடக்கிறியளோ? என்ரை கையிலையும் அதே அட்டைதான். அம்மாவின்ரை செத்தவீட்டையும் இந்தப் போனிலைதான் பாத்தனான். ஒரு மலைக்கு, நீயும் வா எண்டு கேக்க உங்களுக்கு வாய் வரேல்லை."

அவள் துண்டித்துவிட்டாள். யோகராஜாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "பாருங்கோ தம்பி, நான் வெளியிலை நிக்கிறன்," என்று போய்விட்டார்.

கேட்ட தனிமை கிடைத்தது. தலைக்கு மேலே அந்த மரக்கூரை இருந்தது. சச்சிதானந்தனுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது. அண்ணாந்து பார்க்காமல் தரைக் கல்லிலேயே கண்ணை வைத்திருந்தான். பிறகு வெளியே வந்தான்.

"அதுக்குள்ளை பாத்தாச்சோ?"

"இல்லை. நான் மட்டும் பாத்திட்டுப் போய் அவளின்ரை முகத்தைப் பாக்கேலாது. பூட்டுங்கோ அண்ணை."